அனுப்பும் பணத்துக்கும் ஒரு விலை உண்டு

யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தை ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று ஒரு காலத்தில் வர்ணித்தார்கள். மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் சிங்கப்பூரின் அலுவலகங்களிலும் கொழும்பின் அரச திணைக்களங்களிலும் எழுதுவினைஞர்களாகக் கடமையாற்றியவர்கள் மாதம் பிறந்ததும் தபாற் கந்தோருக்குச் சென்று காசுக்கட்டளை எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். ஊரிலே கல்வீடுகள் எழுந்ததும், பிள்ளைகள் நல்ல பாடசாலைகளில் படித்ததும், கோயில்களுக்குத் திருப்பணி நடந்ததும் அந்தப் பணத்தினால்தான்.

அந்த மணியோடருக்கு ஒரு குணம் இருந்தது. கையிலே காசு இல்லாதவரால் அதை அனுப்ப முடியாது. தபாற் கந்தோர் யன்னலில் பணத்தை எண்ணிக் கொடுத்தால்தான் கட்டளை எழுதப்படும். ஆகவே ஊருக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு ரூபாவும் யாரோ ஒருவர் ஏற்கெனவே உழைத்து முடித்த ரூபாவாக இருந்தது. இன்று நிலைமை அப்படியல்ல. இன்னமும் உழைக்காத பணத்தையும், அடுத்த ஆண்டு உழைக்க வேண்டிய பணத்தையும் ஒரு கைபேசியின் மூலம் சில நிமிடங்களில் ஊருக்கு அனுப்பிவிடலாம். இந்த வசதியைப் பற்றித்தான் எம்மவர்கள் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

பணத்தைத் தொலைவுக்கு அனுப்புவதும், கையில் இல்லாத பணத்தைச் செலவழிப்பதும் இருவேறு கண்டுபிடிப்புகள். 1851ஆம் ஆண்டு ஒரு தந்திக் கம்பனியாகத் தொடங்கிய வெஸ்டர்ன் யூனியன், 1871இல் தந்தி மூலம் பணம் அனுப்பும் சேவையை ஆரம்பித்தது. 2006இல் அந்த நிறுவனம் தந்திச் சேவையைக் கைவிட்டது. பணமனுப்பும் தொழில் மட்டும் நிலைத்தது. மறுபுறத்தில், 1958ஆம் ஆண்டு பாங்க் ஒஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரவாசிகள் சுமார் 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே கடனட்டைகளைத் தபாலில் அனுப்பியது. வாங்கிய பொருளுக்கு முழுத் தொகையையும் உடனே கட்டத் தேவையில்லை, மீதியை வட்டியோடு பின்னர் கட்டலாம் என்ற ஏற்பாடு பெருந்தொகையான மக்களிடம் இவ்வாறுதான் போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் தனித்தனியே பயனுள்ளவை. இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் எமது குடும்பங்கள் பல சிக்கிக்கொள்கின்றன.

எப்படியென்று பார்ப்போம். ஊரிலிருந்து ஓர் அழைப்பு வருகிறது. தங்கையின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, அல்லது வீட்டுக்குக் கூரை போட வேண்டும், அல்லது அப்பாவுக்கு உடனடியாகச் சத்திர சிகிச்சை. “தம்பி, உனக்கு வசதிப்படுமோ?” என்று கேட்கிறார்கள். ‘இல்லை’ என்ற சொல் தம்பியின் வாயிலிருந்து வராது. வங்கிக் கணக்கிலோ பணம் இல்லை; வீட்டு வாடகையும் கார்த் தவணையும் கட்டி முடிந்திருக்கும். ஸ்காபரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ உள்ள ஒரு பண இயந்திரத்தில் கடனட்டையைச் செலுத்தி 2,000 டொலரோ பவுணோ எடுத்து அன்றே அனுப்பிவிடுகிறார். ஊரிலே எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கடனட்டையில் பொருள் வாங்குவதும் பணம் எடுப்பதும் ஒன்றல்ல என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. முந்திய பாக்கி எதுவும் இல்லாதவர் பொருள் வாங்கினால், மாதக் கணக்கை உரிய தினத்துக்குள் முழுமையாகக் கட்டும்வரை பொதுவாக வட்டி இல்லை. காசாக எடுத்தால் அந்தச் சலுகைக் காலம் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும். எடுப்பதற்கென்று ஒரு கட்டணமும் உண்டு. வட்டி வீதமும் பல அட்டைகளில் பொருள் வாங்குவதற்குரியதைவிட அதிகம். பணமனுப்பும் நிறுவனமொன்றுக்குக் கடனட்டை இலக்கத்தைக் கொடுத்து அனுப்பினாலும் அநேகமான வங்கிகள் அதனைக் காசு எடுத்ததாகவே கணக்கிடுகின்றன.

கனடாவில் இவ்வாறு எடுக்கும் காசுக்கு ஏறத்தாழ 23 சதவீத வருட வட்டி என்பது சாதாரணம். அப்படியானால் 2,000 டொலருக்கு ஒரு மாத வட்டி சுமார் 38 டொலர். ஆகக்குறைந்த கட்டணம் நிலுவையின் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 60 டொலர் கட்டினால் அதில் 22 டொலர் மாத்திரமே கடனைக் குறைக்கிறது. கடன் குறையக் குறைய அந்த 3 சதவீதமும் குறைந்துகொண்டு போகும். மாதந்தவறாமல் இப்படியே கட்டி வந்தாலும், கடன் பாதியாகக் குறைவதற்கே ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகும். கூரை போட்ட வீட்டுக்கு மறுபடி வண்ணம் பூசும் காலம் வந்துவிடும். கூரைக்கு வாங்கிய கடன் பாதியும் தீர்ந்திராது.

இதை வாசிக்கும் சிலர், கடனட்டையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்கக்கூடும். அப்படியல்ல. மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டுபவருக்கு அது ஒரு நல்ல கருவி. பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான விலையுள்ள பொருளையோ சேவையையோ கடனட்டையில் வாங்கினால், விற்றவரோடு அட்டை வழங்கிய நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்குகிறது. கட்டுநாயக்காவுக்கு நேரடியாக விமானச்சீட்டு வாங்கிய பின் அந்த விமான நிறுவனம் முறிந்து போனால், இப்பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். காசாகக் கொடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விடுமுறையில் ஊருக்கு வருபவர்களுக்கு இன்னொன்று: கடையிலோ பண இயந்திரத்திலோ “பவுணில் கழிக்கவா, ரூபாவில் கழிக்கவா?” என்று கேட்டால் ரூபா என்றே சொல்லுங்கள். பவுணில் கழிக்கச் சொன்னால், நாணயமாற்று வீதத்தை உங்கள் வங்கிக்குப் பதிலாக அந்த இயந்திரத்தின் பின்னால் இருப்பவர் தீர்மானிப்பார். அது பெரும்பாலும் உங்களுக்கு நட்டமாகவே முடியும்.

அடுத்தது, அனுப்பும் கூலி. ‘கட்டணம் இல்லை’ என்ற விளம்பரப் பலகையைக் கண்டு மகிழ்வோர் பலர். எந்த நிறுவனமும் இலவசமாகத் தொழில் செய்வதில்லை. கட்டணத்தில் வாங்காததை நாணயமாற்று வீதத்தில் வாங்கிக்கொள்கிறது. உதாரணமாக, சந்தையில் ஒரு பவுண் 400 ரூபாவாக இருக்கும்போது ஒருவர் கட்டணமின்றி 390 ரூபா தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 500 பவுண் அனுப்பினால் 5,000 ரூபா குறைந்துவிட்டது. வேறொருவர் 3 பவுண் கட்டணம் எடுத்துக்கொண்டு மீதிக்கு 398 வீதம் தந்தால், ஊருக்குப் போய்ச் சேரும் தொகை மூவாயிரம் ரூபாவுக்கு அண்மையாகக் கூடுகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி ‘கட்டணம் எவ்வளவு?’ என்பதன்று, ‘என் கையிலிருந்து இவ்வளவு போனால் அம்மாவின் கையில் எத்தனை ரூபா சேரும்?’ என்பதே. இரண்டு மூன்று இடங்களில் இந்த ஒரே கேள்வியைக் கேட்டு ஒப்பிட்டால் போதும். 2030ஆம் ஆண்டளவில் பணம் அனுப்பும் செலவு 3 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒன்று. உலக வங்கியின் கணிப்புகளிலோ 200 டொலர் அனுப்புவதற்கான சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கு மேலாகவே இருந்து வந்திருக்கிறது. ஏழைகளின் பணத்துக்குத்தான் கூலி அதிகம்.

உண்டியலைப் பற்றிப் பேசாமல் இந்த விடயத்தை முடிக்க முடியாது. லண்டனில் ஒரு கடையில் பவுணைக் கொடுத்தால், சில மணி நேரத்தில் யாழ்ப்பாணத்து வீட்டு வாசலில் ஒருவர் ரூபாவை எண்ணிக் கொடுப்பார். பணம் எல்லையைக் கடப்பதில்லை; இரண்டு பக்கத்திலும் உள்ள இருவரின் கணக்குப் புத்தகங்கள் மட்டும் நேராகின்றன. போர்க் காலத்தில், வங்கிக்குப் போவதே ஆபத்தாக இருந்த நாட்களில், எத்தனையோ முதியவர்களின் அடுப்பு எரிந்தது உண்டியற்காரரின் நாணயத்தால்தான். அதை மறந்து உண்டியலைப் பழிப்பது நன்றியல்ல.

2021இன் இறுதியிலும் 2022இன் தொடக்கத்திலும் அதே உண்டியல் நாடு முழுவதற்கும் பரவியது. வங்கியில் ஒரு டொலருக்கு 203 ரூபாவளவே கிடைத்தபோது வெளியில் 240 ரூபாவுக்கு மேல் கிடைத்தது. மத்திய வங்கி டொலருக்குப் பத்து ரூபா ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தும் பயனில்லை. 2020இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளரின் பணம், 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் வங்கிக் கணக்குகளில் சுருங்கியது. தமது பிள்ளைகளுக்குக் கூடுதலாக நாற்பது ரூபா சேர வேண்டும் என்று நினைத்த தாயை நான் குறைகூற மாட்டேன். பொய்யான ஒரு வீதத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த ஆட்சியாளர்களே அதற்குப் பொறுப்பு. 2022 மார்ச் மாதத்தில் அந்தப் பிடி தளர்ந்தது. பின்னர் இரண்டு வீதங்களுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கியது. 2024இல் வங்கிகள் ஊடாக வந்த தொகை மீண்டும் 6.5 பில்லியன் டொலரைத் தாண்டியது.

ஆகவே அன்று உண்டியலுக்கு இருந்த நியாயம் இன்று இல்லை. ஆபத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. பணம் சேராவிட்டால் காட்டுவதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் அம்மாவின் கணக்கில் வைப்புச் செய்யும் பணம் எந்தத் தொழிலில் வந்ததென்பது உங்களுக்குத் தெரியாது. விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அம்மா. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பின் ஊரில் முதலிட எண்ணுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இலங்கை வங்கிகளில் உள்முக முதலீட்டுக் கணக்கு என்று ஒன்று உண்டு. அதன் மூலம் கொண்டுவந்த பணத்துக்கும் அதன் இலாபத்துக்கும் திரும்ப வெளியே போகும் உரிமை இருக்கிறது. உண்டியலில் வந்த பணத்துக்கு வந்த வழியும் இல்லை, போகும் வழியும் இல்லை.

ஏமாற்றுக்காரர்களும் இந்த வேகத்தையே பயன்படுத்துகிறார்கள். மோசடிக்காரர்கள் தனது சேவையைப் பயன்படுத்துவதைத் தடுக்கத் தவறியதற்காக, 2017 ஜனவரியில் வெஸ்டர்ன் யூனியன் அமெரிக்க அதிகாரிகளுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 586 மில்லியன் டொலர் செலுத்த நேர்ந்தது. இன்று வட்ஸ்அப்பில் உறவினரின் படத்தோடும் பெயரோடும் “அவசரமாக ஒரு லட்சம் தேவை, பிறகு பேசுகிறேன்” என்று செய்தி வருகிறது. எழுத்தை நம்பி ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். உங்களுக்கு முன்பே தெரிந்த இலக்கத்துக்கு நீங்களே அழைத்து, குரலைக் கேட்டு, வீட்டார் மட்டும் அறிந்த ஏதாவதொன்றை விசாரித்த பின் அனுப்புங்கள். உண்மையான அவசரம் பத்து நிமிடம் பொறுக்கும்.

இவையெல்லாம் கணக்கு. எனினும் இந்தப் பிரச்சினையின் வேர் கணக்கில் இல்லை. எமது வாயில் இருக்கிறது. அனுப்புபவர் தன் கடனைச் சொல்வதில்லை. சொன்னால் ஊரில் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார். வாங்குபவர் கேட்பதில்லை. கேட்டால் வருகின்ற பணம் நின்றுவிடும் என்று அஞ்சுகிறார். இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவில் வட்டி வளர்கிறது. பதினைந்து ஆண்டுகள் இரண்டு வேலை செய்து ஊரில் மாடி வீடு கட்டிக் கொடுத்தவர், தான் இருக்கும் நாட்டில் ஒரு சிறு வீட்டுக்குக் கடன் கேட்டபோது, கடனட்டை நிலுவைகளால் வங்கி மறுத்துவிட்டது என்ற கதை எம்மவரிடையே அபூர்வமானதல்ல. அந்த மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு அது இன்னமும் தெரியாது.

ஆகையால் அனுப்புபவர்களுக்குச் சொல்வேன்: மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ‘ஊர்க் கணக்கு’ என்று தனியே ஒதுக்கி வையுங்கள். அவசரம் வரும்போது அதிலிருந்து வங்கிக் கணக்கின் மூலமோ வரவட்டையின் மூலமோ அனுப்புங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால், சகோதரர்கள் கூடிப் பேசிப் பங்கிடுங்கள். உயிர் காக்கும் வைத்தியத்துக்குக் கடனட்டையைத் தொட வேண்டி வந்தால் தொடுங்கள். ஆனால் அடுத்த வாரமே குறைந்த வட்டியுள்ள வங்கிக் கடனொன்றைக் கேட்டுப் பார்த்து, இந்தக் கடனை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். சடங்குக்கும் மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் அட்டையைத் தொடாதீர்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் வந்து சேர்ந்ததும் “கிடைத்தது” என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். “இது சம்பளத்திலிருந்து அனுப்பினதோ, கடன்பட்டு அனுப்பினதோ?” என்று ஒரு தடவை கேளுங்கள். இந்தக் கேள்வி உறவை முறிக்காது. கேட்கப்பட வேண்டும் என்று அங்கே ஒருவர் பல ஆண்டுகளாகக் காத்திருக்கக்கூடும்.