பெட்டிக்கும் ஒரு உபயக்காரர் வேண்டும்



மழைக்காலம் வருது. நவம்பர் தொடங்கி மார்ச் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. கிழக்குக்கரையில் தண்ணி ஏறினதும் நம்ம கோயில் மண்டபத்தில் பொருள் சேர ஆரம்பிச்சிடும். நம்ம மக்களுக்குக் கொடுக்கிற மனசு என்னைக்கும் குறைஞ்சதே இல்லை. அரிசி வேணும்னு சொன்னா ஒரு மணி நேரத்தில் மூட்டை மூட்டையா வந்து இறங்கும். ஆனா இத்தனை வருஷத்தில் "பெட்டி உபயம் நான் எடுத்துக்கிறேன்"னு ஒருத்தர்கூட வந்து சொன்னதில்லை.

தொண்டர்கள் சார்பில் நாங்க சொல்ல வர்றது இதுதான். பெட்டியும் தானத்தில் சேர்த்தி. பொருளுக்கு ஏத்த பெட்டி இல்லைன்னா நீங்க கொடுத்தது போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தாலும் உதவாது. அதனால அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு ஒதுக்குற மாதிரி பெட்டிக்கும் டேப்புக்கும் நிர்வாகம் தனியா ஒரு தொகை ஒதுக்கணும். "ஓசியில் கிடைக்கிற பெட்டி போதும்" என்கிற பழக்கத்தை விடணும்.

2014 டிசம்பரில் கிளந்தான், திரங்கானு, பகாங் மூழ்கினப்போ 2 லட்சத்துக்கும் மேல மக்கள் வீட்டை விட்டு வெளியேறினாங்க. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டின மழையில் நம்ம பக்கத்திலேயே ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிப் போச்சு. கிள்ளானிலும் எத்தனையோ வீட்டுக்குள்ள தண்ணி. அந்த மாதிரி நேரத்தில் மண்டபத்துக்கு வர்ற பெட்டிகளைப் பார்க்கணுமே! ஒரே பெட்டியில் அடியில் சட்டை, நடுவில் பிஸ்கட், மேலே துணி சோப்பு, ஓரத்தில் ஒரு சமையல் எண்ணெய் போத்தல். போத்தல் மூடி லூசாகி எண்ணெய் சட்டையில் ஊறி இருக்கும். பிஸ்கட்டில் சோப்பு வாசம். கொடுத்தவங்க நல்ல மனசோடதான் கொடுத்தாங்க. ஆனா வீடு வாசல் இழந்து நிக்கிறவங்க கையில் அதை எப்படிக் கொடுக்கிறது? நாலஞ்சு பேர் உட்கார்ந்து பிரிச்சு, துடைச்சு, திரும்பக் கட்டுறதுக்குள்ள ஒரு ராத்திரி போயிடும். அந்த ராத்திரியில் லோரி கிளம்பி இருக்கணும்.

நாம துறைமுகத்து ஊர்க்காரங்க. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகமா திறந்து, 1972இல் போர்ட் கிள்ளான்னு பேர் மாறின ஊர் இது. எங்க குழுவில் ஃபேக்டரி சூப்பர்வைசர், கிடங்கு வேலை செய்றவங்க, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவங்க எல்லாரும் இருக்கோம். வேலை இடத்தில் பெட்டியைப் பத்தி கத்துக்கிட்டதைத்தான் இங்கே சொல்றோம்.

அட்டைப்பெட்டிக்குப் பலம் எங்கே இருக்கு?

சாதாரண அட்டைப்பெட்டியில் மூணு தாள் இருக்கும். வெளியே ஒண்ணு, உள்ளே ஒண்ணு, நடுவில் அலை அலையா வளைச்ச தாள். கனமான சாமானுக்கு வர்றது அஞ்சு தாள் பெட்டி, அதில் ரெண்டு அலை இருக்கும். ஓரத்தைப் பார்த்தாலே எத்தனை அலைன்னு தெரிஞ்சிடும். கடையில் வாங்கும்போது இதை மட்டும் பார்த்தா போதும்.

மேலே ஏத்துற பாரத்தைப் பெரும்பாலும் தாங்குறது பெட்டியின் நாலு மூலைதான். அதனால மூலைக்கு மேல மூலை வர்ற மாதிரி நேரா அடுக்கணும். செங்கல் அடுக்குற மாதிரி மாத்தி மாத்தி அடுக்கினா பார்க்க உறுதியா இருக்கும், ஆனா தாங்குற பலம் கிட்டத்தட்ட பாதி போயிடும். கீழ் வரிசை நசுங்குறது இதனாலதான்.

அடுத்தது ஈரம். அட்டை என்பது காகிதம், காத்தில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். நம்ம ஊர் மழைக்காலத்தில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டா, காய்ஞ்ச பெட்டிக்கு இருந்த பலத்தில் பாதிகூட மிஞ்சாது. நனையவே வேண்டாம், ஈரக்காத்தே போதும். அதனால மண்டபத்தில் வெறும் தரையில் பெட்டி வைக்காதீங்க. கீழே பேலட் போடணும், இல்லேன்னா ரெண்டு பலகையாவது போடணும். லோரியில் ஏத்தினதும் மேலே கென்வாஸ் மூடணும்.

பாரத்தைப் பார்த்துப் பெட்டி எடுங்க

பொதுவா எல்லாரும் பெரிய பெட்டியாத் தேடி, அது நிறையுற வரைக்கும் போடுறாங்க. இது தப்பு. கனமான பொருளுக்குச் சின்ன பெட்டி, லேசான பொருளுக்குப் பெரிய பெட்டி. தேவாரப் புத்தகத்தைப் பெரிய பெட்டியில் நிரப்பினா 40 கிலோ வந்துடும். அதை யார் தூக்குறது?

தொழிலியல் பாதுகாப்பு சுகாதார இலாகாவின் வழிகாட்டியில், இடுப்பு உயரத்தில் உடம்போட ஒட்டித் தூக்கினாலே ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோதான் சொல்லி இருக்கு. தரையில் இருந்து குனிஞ்சு தூக்கினா அதைவிடக் குறையும். நம்ம மண்டபத்தில் பெட்டி தூக்குறது யாரு? அறுபது வயசு ஐயாமார், அக்காமார், லீவுக்கு வந்த பள்ளிப் பிள்ளைங்க. கோயில் வேலைன்னா முடியாதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. முதுகு பிடிச்சாலும் வெளியே சொல்ல மாட்டாங்க. அதனால எங்க கணக்கு, எந்தப் பெட்டியும் 15 கிலோவைத் தாண்டக் கூடாது. நிவாரண மையத்தில் இறக்குறதும் இதே மாதிரி ஆளுங்கதான்.

எதுக்கு எந்தப் பெட்டி?

அரிசி: இதுக்குப் பெட்டியே வேண்டாம். 5 கிலோ, 10 கிலோ பை பிரிக்காம அப்படியே கொண்டு வாங்க. நாங்க பேலட்டில் அடுக்கிக்கிறோம். வீட்டு அரிசியை அள்ளி பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தா வழியில் கிழியும்.

சார்டின், பால் டின்: 425 கிராம் டின் 24 போட்டா உள்ளே இருக்கிற சரக்கே 10 கிலோ ஆகுது. முடிஞ்சா மொத்தக் கடையில் முழுப் பெட்டியா வாங்கி, திறக்காம கொடுங்க. அந்தப் பெட்டி அந்த டின்னுக்குன்னே செஞ்சது, அதைவிட நல்ல பெட்டி கிடையாது.

துணி, பாம்பர்ஸ், போர்வை: பெரிய பெட்டி, மூணு தாள் போதும். உள்ளே முதலில் ஒரு பிளாஸ்டிக் பை விரிச்சு அதுக்குள்ள துணி வைங்க. பெட்டி நனைஞ்சாலும் துணி தப்பிக்கும்.

எண்ணெய், நெய், சோப்புத் தண்ணி: மூடியைச் சுத்தி டேப், ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, நிமிர்த்தி வைக்கணும். ஆடாம இருக்க இடுக்கில் காகிதம் அடைக்கணும். கண்ணாடி போத்தல்னா நடுவில் அட்டைத் தடுப்பு கட்டாயம். உணவுப் பொருளோட சோப்பு, குளோரோக்ஸ் எதையும் சேர்க்கவே கூடாது.

அகல் விளக்கு, பொங்கல் பானை: ஒவ்வொண்ணையும் தனித்தனியா செய்தித்தாளில் சுத்தணும். அகலை ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வைக்காம, தட்டு அடுக்குற மாதிரி விளிம்பில் நிறுத்தி வைங்க. பானைக்குள்ளேயும் காகிதம் நிரப்பணும். பெட்டிச் சுவருக்கும் பானைக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் நாலு விரல் இடம் விட்டு, அதையும் காகிதத்தால் அடைக்கணும். மூடினதும் மெதுவா ஆட்டிப் பாருங்க. உள்ளே சத்தம் கேட்டா திரும்பப் பிரிச்சுக் கட்டுங்க.

விபூதி, குங்குமம், கற்பூரம்: இதை வெளியூர்ப் பிள்ளைங்களுக்குப் பிரசாதமா அனுப்புறவங்க நிறைய பேர். விபூதியை மடிச்ச தாளில் அனுப்பினா வழியெல்லாம் கொட்டும், வெள்ளைத் தூளைப் பார்த்துச் சோதனையில் நிறுத்தி வைப்பாங்க. மூடி இறுகுற சின்ன டப்பாவில் போட்டு, மேலே என்ன பொருள்னு தெளிவா எழுதுங்க. கற்பூரம் தானா ஆவியாகும், பக்கத்தில் இருக்கிற அரிசியிலும் பேரீச்சம்பழத்திலும் வாசம் ஏறும். அதோட, அது தீப்பிடிக்கும் திடப்பொருள்னு உலக அளவில் ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கு. தீப்பெட்டியும் அப்படித்தான். விமானத்தில் போற பார்சலில் இது ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

சபா, சரவாக்கில் இருக்கிற சொந்தக்காரங்களுக்கு அனுப்பும்போது இன்னொரு கணக்கும் உண்டு. விமானத்தில் அனுப்புற கூரியர் கம்பெனிகள் பெரும்பாலும் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பாங்க. அதையும் தராசு எடையையும் பார்த்து, எது கூடவோ அதுக்குத்தான் காசு. 50, 40, 40 அளவு பெட்டின்னா 16 கிலோ கணக்கு. உள்ளே இருக்கிறது 4 கிலோ முறுக்கும் வேட்டியும்தான். மிச்ச 12 கிலோவுக்கு வெறும் காத்துக்குக் காசு கட்டுறோம். பொருளுக்கு அளவான பெட்டி எடுத்தா அந்தக் காசில் ஒருநாள் அன்னதானத்துக்கு காய்கறி வாங்கலாம்.

சாமி சிலை வர்ற பெட்டி

திருப்பணி நடக்கிற கோயில்களுக்கு ஒரு வார்த்தை. சுவாமிமலையில் இருந்து ஐம்பொன் விக்கிரகமும், மாமல்லபுரத்தில் இருந்து கல் சிலையும் மரப்பெட்டியில்தான் வரும். அந்த மரத்துக்கும் உலகச் சட்டம் உண்டு. பூச்சி பரவாம இருக்க, மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி, 30 நிமிஷம் அப்படியே நிக்கணும். இல்லேன்னா மருந்துப் புகை போட்டிருக்கணும். செஞ்சதுக்கு அடையாளமா மரத்தில் கோதுமைக் கதிர் படத்தோட முத்திரை குத்தி இருப்பாங்க. சூடு ஏத்தின மரம்னா அதில் 'எச்.டி.'ன்னு எழுத்து இருக்கும். முத்திரை இல்லாத பெட்டி துறைமுகத்தில் மாட்டிக்கும். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்ச பிறகு சிலை துறைமுகத்தில் நின்னா என்ன பாடுன்னு அனுபவப்பட்டவங்களைக் கேளுங்க. சிலைக்கு முன்பணம் கட்டும்போதே பெட்டியின் முத்திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. உள்ளே வைக்கோல் அடைக்க வேண்டாம்னும் சொல்லிடுங்க. பல நாட்டுச் சோதனையில் வைக்கோலை விடமாட்டாங்க. கண்டெய்னர் கடலில் வரும்போது உள்கூரையில் ஈரம் வேர்த்துச் சொட்டும். அதனால விக்கிரகத்தைப் பிளாஸ்டிக்கில் சுத்தி, ஈரம் இழுக்கிற பொட்டலமும் போடச் சொல்லுங்க.

ஓசிப் பெட்டி

"சூப்பர்மார்க்கெட்டில் சும்மாவே கொடுக்கிறான், எதுக்கு காசு?"ன்னு சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்விதான். பழைய பெட்டி எல்லாமே கெட்டதுன்னு நாங்க சொல்லலை. ஆப்பிள் பெட்டி, வாழைப்பழப் பெட்டி எல்லாம் நல்ல தடிப்பு, காய்ஞ்ச துணிக்குத் தாராளமா போடலாம். ஆனா ஒருதடவை பாரம் சுமந்து மூலை மடங்கின பெட்டிக்குப் பழைய பலம் திரும்பாது. ஓட்டை உள்ள பெட்டியில் மழைத்தண்ணியும் எலியும் பூச்சியும் உள்ளே போகும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு. பீர் பெட்டி கெட்டியா இருக்கும், உள்ளே தடுப்பும் இருக்கும். ஆனா அதில் பால் பவுடர் போட்டு கிளந்தானில் ஒரு மலாய்க் குடும்பத்துக்குக் கொடுத்தா, வாங்குறவங்க மனசு என்ன பாடுபடும்? பால் நல்ல பால்தான். ஆனா அந்தக் கை நீளாது. அதே மாதிரி இறைச்சி வந்த பெட்டி நம்ம சன்னிதி மண்டபத்துக்குள்ள வந்தா நமக்கு எப்படி இருக்கும்? வாங்குறவங்க மானத்தையும் சேர்த்துக் காப்பாத்துறதுதான் தானம்.

எங்க வேண்டுகோள்

நிர்வாகத்துக்கு: மழைக்கு முன்னாடியே ரெண்டு அளவில் புதுப் பெட்டி வாங்கி வைங்க. கனமான சாமானுக்கு அஞ்சு தாளில் சின்னது, துணிக்கு மூணு தாளில் பெரியது. வெள்ளம் வந்த அன்னைக்குத் தேடினா கிடைக்காது.

பக்தர்களுக்கு: ஒரு பெட்டிக்கு ஒரே வகைப் பொருள். அடிப்பக்கத்தைப் பூ மாதிரி மடிச்சுச் சொருகாம, நடுவிலும் ரெண்டு ஓரத்திலும் டேப் போடுங்க. என்ன பொருள்னு பக்கவாட்டில் எழுதுங்க, அடுக்கினா மேல்பக்கம் தெரியாது. தமிழோட மலாயிலும் 'பெராஸ்', 'பக்காயான் பாயி'ன்னு எழுதுங்க. அங்கே பிரிக்கிறவங்களுக்குத் தமிழ் தெரியாது.

உபயக்காரர்களுக்கு: இந்த வருஷம் யாராவது பெட்டி உபயம் எடுத்துக்குங்க. ஒரு பெட்டி சில வெள்ளிதான். பெட்டியைப் பார்த்து யாரும் பேர் சொல்ல மாட்டாங்க, பிரிச்சதும் தூக்கிப் போட்டுடுவாங்க. ஆனா உள்ளே இருக்கிற நூறு பேரோட தானத்தை நனையாம, நசுங்காம கொண்டு போய்ச் சேர்க்கிறது அதுதான். இதுவும் பெரிய புண்ணியம்தான்.

விருப்பம் உள்ளவங்க கோயில் அலுவலகத்தில் சொல்லுங்க.