குரலுக்கு உரிய பங்கு
1955-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘லேடி அண்ட் த டிராம்ப்’ என்னும் சித்திரப் படத்தில் நான்கு பாத்திரங்களுக்குக் குரல் தந்து, பாடல்களையும் வேறொருவருடன் சேர்ந்து இயற்றிய பாடகி பெக்கி லீ அம்மையார், அப்படம் 1987-இல் வீடியோ கஸெட்டாக வெளிவந்து வீடுதோறும் விற்பனையாகிப் பெருஞ்செல்வத்தை ஈட்டியபோது, அவ்வருமானத்தில் தமக்கும் பாத்தியதை உண்டென்று நீதிமன்றத்தை நாடினார். பொதுமக்களுக்கு விற்பதற்காகப் பிரதி எடுக்கும் உரிமையை அவருடைய சம்மதமின்றி நிறுவனம் எடுத்துக்கொள்ள இயலாதென்று 1952-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. வீட்டில் போட்டுப் பார்க்கும் கஸெட் என்னும் சாதனமே பிறவாத காலத்தில் எழுதப்பட்ட அந்த ஒரு வாக்கியந்தான் அவருக்கு இருபது லட்சம் டாலருக்கு மேற்பட்ட நஷ்ட ஈட்டைப் பெற்றுத் தந்தது. கீர்த்தி வாய்ந்த பாடகிக்கு அத்தகைய ஷரத்தை வற்புறுத்தும் செல்வாக்கு இருந்தது. பெயரும் முகமும் அறியப்படாத சாமானியக் குரல் நடிகருக்கு அது ஏது? வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் தரும் அமெரிக்க நடிகர்கள் 2016-இல் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தும், விற்பனையையொட்டிய பங்கு கிட்டாமல், ஒலிப்பதிவு அமர்வுகளின் எண்ணிக்கைக்கேற்ற உபரித் தொகையோடு திரும்ப நேர்ந்தது. பதிவான குரல் மறுபடி விற்கப்படுந்தோறும் அதற்குரியவருக்குப் பங்கு சேரவேண்டும் என்பதை ஒப்பந்தம் எழுதுவோரின் தயவுக்கு விட்டுவிடாமல், சட்டமே விதித்தல் வேண்டும்.