அடக்கி வாசி... அப்புறம் ஓடு!

ரெண்டு மார்க் கேள்விக்கு ரெண்டு பக்கம் எழுதிட்டு, கடைசிப் பெரிய கேள்விக்கு வரும்போது 'ஐயோ, பெல் அடிச்சிருச்சே'னு புலம்புற கோஷ்டி உங்க கிளாஸ்லயும் கண்டிப்பா இருக்கும். பதில் தெரியாம மார்க்கை விடுறவனைவிட, எல்லாம் தெரிஞ்சும் நேரத்தைப் பங்கு பிரிக்கத் தெரியாம விடுறவன்தான் பாவம். இந்த வாரம் அப்படி ஒரு பாவப்பட்ட கதை. ஆனா, நடந்தது எக்ஸாம் ஹால்ல இல்லை... டிரையத்லான் போட்டியில!

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் நடுவுல கேப் விடாம முடிக்கிறதுதான் டிரையத்லான். ஈரத்தோட ஓடி வந்து ஹெல்மெட் மாட்டுற நேரம், ஷூ மாத்துற நேரம்கூட கணக்குல சேரும். 2000 சிட்னியில ஒலிம்பிக்குக்குள்ள நுழைஞ்சது. அங்கே 1.5 கி.மீ நீச்சல், 40 கி.மீ சைக்கிள், 10 கி.மீ ஓட்டம். 'அது போதாது பாஸ்'ங்கிறவங்களுக்கு அயர்ன்மேன் இருக்கு: 3.8 கி.மீ நீச்சல், 180 கி.மீ சைக்கிள், அதுக்கப்புறம் ஒரு முழு மாரத்தான்!

இப்போ கதைக்கு வருவோம். 2016 செப்டம்பர். மெக்சிகோவுல கோசுமெல் தீவு. அந்த வருஷ உலகத் தொடரோட கடைசிப் போட்டி. இங்கிலாந்தோட ஜானி பிரவுன்லீ முதல் ஆளா ஓடிட்டு இருக்கார். ஒரு மாசம் முன்னாடி ரியோ ஒலிம்பிக்ல அண்ணன் அலிஸ்டர் தங்கமும் தம்பி ஜானி வெள்ளியும் வாங்கியிருந்தாங்க. தொடர்ல முன்னணியில இருந்த ஸ்பெயின் வீரர் மரியோ மோலா பின்னாடி அஞ்சாவது இடத்துல. இப்படியே முடிஞ்சா ஜானிதான் உலக சாம்பியன்.

மிச்சம் இருந்தது சுமார் 700 மீட்டர். நம்ம ஊர்ல ஒரு பஸ் ஸ்டாப் தூரம். அங்கே ஜானியோட கால் பின்ன ஆரம்பிச்சுது. தண்ணி கொடுக்குற மேஜை பக்கம் தள்ளாடிப் போறார். பின்னாடி வந்த அலிஸ்டர் தம்பியோட கையைத் தன் தோள்ல போட்டு இழுத்துட்டு ஓடினார். அந்த இடைவெளியில தென்னாப்பிரிக்காவோட ஹென்றி ஷூமன் தாண்டிப் போய் ஜெயிச்சுட்டார். எல்லைக்கோட்டுல அண்ணன் தம்பியை முன்னாடி தள்ளிவிட, ஜானிக்கு ரெண்டாவது இடம். உலகப் பட்டம்? வெறும் 4 புள்ளி வித்தியாசத்துல மோலாவுக்கு!

உலகமே அண்ணன் பாசத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தப்போ, அண்ணன் மட்டும் வேற ஒண்ணு சொன்னார். 'ஒழுங்கா வேகத்தை அளந்து ஓடியிருந்தா, கடைசி ரெண்டு கிலோமீட்டரை ஜாகிங் போயே ஜெயிச்சிருக்கலாமே'ங்கிறது அவரோட ஆதங்கம். நமக்கு வேண்டிய பாடம் அதுதான் மக்களே.

உடம்புக்குள்ள நடந்த கணக்கு என்ன? நாம சாப்பிடுற சக்தியில கால்வாசிகூட முழுசா இயக்கத்துக்குப் போகாது. முக்கால்வாசிக்கு மேல வெப்பமாத்தான் மாறும். 200 வாட் சக்தியோட பெடல் மிதிச்சா, உள்ளே 600 வாட்டுக்கு மேல சூடு கிளம்பும். ஏறக்குறைய ஒரு அயர்ன் பாக்ஸை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு ஓடுற மாதிரி! வியர்வை காத்துல ஆவியானாத்தான் அந்தச் சூடு இறங்கும். கடலோர ஊர்க் காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருக்கிறதால வியர்வை சொட்டும், ஆவியாகாது. இது சென்னைக்காரங்களுக்குச் சொல்லித் தெரியணுமா என்ன?

ரெண்டாவது கணக்கு, காத்து. சமதளத்துல சைக்கிள் வேகமாப் போகப் போக, காத்தை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல வர்றதுதான். 30 கி.மீ வேகத்துல போறவர் 33-க்கு ஏத்தினா, வேகம் கூடுறது 10 சதவிகிதம். அதுக்குக் கொடுக்குற சக்தி? சுமார் 33 சதவிகிதம் எக்ஸ்ட்ரா! அதாவது, ஆரம்பத்துல காட்டுற வேகம் உடம்புகிட்ட வாங்குற கந்துவட்டிக் கடன். வசூல் பண்ண ஆள் வர்ற இடம், ஓட்டம்.

அப்போ எப்படித்தான் போறது?

நீச்சல்: விசில் அடிச்சதும் எல்லாரும் காட்டுத்தனமா கிளம்புவாங்க. நீங்க கிளம்பாதீங்க. முதல் 200 மீட்டர்ல மூச்சு சீராகலைனா கடைசி வரைக்கும் சீராகாது. தண்ணிக்குள்ள நிதானமா மூச்சை விடுங்க. உங்களைவிடக் கொஞ்சம் வேகமான ஒருத்தரோட காலுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டா, அதே வேகத்துக்குக் குறைஞ்ச சக்தி போதும். ஒலிம்பிக் தூரத்துல டாப் வீரர்களுக்கே நீச்சல் 20 நிமிஷம்தான். மிச்சம் இருக்குறது 80 நிமிஷத்துக்கு மேல. இங்கே 20 விநாடி மிச்சம் பிடிச்சு, அங்கே 5 நிமிஷத்தைத் தொலைக்கிறது லாபமா?

சைக்கிள்: வேகம் சமமா இருக்க வேண்டாம், உழைப்பு சமமா இருக்கணும். மேட்டுலயும் எதிர்க்காத்துலயும் வேகம் குறையத்தான் செய்யும், விடுங்க. பக்கத்துல ஒருத்தன் சர்ருனு போனா ரோஷப்பட்டுத் துரத்தாதீங்க. சாப்பாடும் இங்கேதான். உடம்பு சேமிச்சு வெச்சிருக்குற மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிக்குத்தான் வரும். நீண்ட தூரப் போட்டியில மணிக்கு 60 கிராமாவது மாவுச்சத்து உள்ளே போகணும். பசிச்ச பிறகு சாப்பிடலாம்னு இருந்தா, அப்போ வண்டி ரிசர்வ்ல ஓடிட்டு இருக்கும்.

ஓட்டம்: சைக்கிள்ல இருந்து இறங்கினதும் கால் ரெண்டும் யாரோடதோ மாதிரி இருக்கும். ஆனாலும், இவ்வளவு நேரம் சைக்கிள் வேகத்துக்குப் பழகினதால, நாம ஓடுறது மெதுவாத் தெரியும். இங்கேதான் ஏமாந்து போவோம். முதல் கிலோமீட்டரை வேணும்னே அடக்கி ஓடுங்க. பிராக்டீஸ்லயே சைக்கிள் முடிச்ச கையோட 15 நிமிஷம் ஓடிப் பழகினா இந்தக் குழப்பம் தீரும்.

'அடக்கி வாசிச்சா ஜெயிக்க முடியுமா?'னு கேக்குறீங்களா? 2024 பாரீஸ் ஒலிம்பிக்கைப் பாருங்க. ஓட்டத்துல நியூசிலாந்தோட ஹேடன் வைல்ட் பிச்சுக்கிட்டுப் போயிட்டார். இங்கிலாந்தோட அலெக்ஸ் யீ பின்னாடி. எல்லாரும் தங்கம் வைல்டுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆனா, யீ தன்னால தாங்க முடிஞ்ச வேகத்தை விடாம பிடிச்சிருந்தார். கடைசி சில நூறு மீட்டர்ல முன்னாடி இருந்தவர் களைக்க, இவர்கிட்ட இன்னும் ஒரு கியர் மிச்சம் இருந்துச்சு. 1 மணி 43 நிமிஷம் 33 விநாடியில தங்கம். வைல்ட் 6 விநாடி பின்னாடி!

ஒரு சீரியஸ் விஷயம். அடக்கி வாசிக்கிறது மெடலுக்காக மட்டும் இல்லை. வெயில்ல ஓடும்போது தலை சுத்தல், குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல், தள்ளாட்டம் வந்தா அது உடம்பு அடிக்குற கடைசி பெல். உடனே நிறுத்தி, நிழலுக்குப் போய், தண்ணி ஊத்தி உடம்பைக் குளிர வெச்சு, டாக்டரைக் கூப்பிடணும். 'இன்னும் 700 மீட்டர்தானே'னு பல்லைக் கடிச்சா உயிருக்கே ஆபத்து. அதேமாதிரி, கடல்லயோ ஏரியிலயோ தனியா நீந்திப் பழகுற ஹீரோயிஸமும் வேண்டவே வேண்டாம்.

டிரையத்லானுக்கு சைக்கிள் வாங்கக் காசு சேர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமை காலையில காலேஜ் கிரவுண்டுக்குப் போங்க. 400 மீட்டர் ரவுண்டு அஞ்சு ஓடுங்க. ஒவ்வொரு ரவுண்டு நேரத்தையும் ஃப்ரெண்டை எழுதச் சொல்லுங்க. அஞ்சாவது ரவுண்டு ரொம்ப மோசமா இருந்தா, அதைத் திட்டாதீங்க. குற்றவாளி முதல் ரவுண்டு!

அடுத்த ஞாயிறு முதல் ரவுண்டை அஞ்சு விநாடி மெதுவா ஓடிப் பாருங்க. கடைசி ரவுண்டுல உங்களைத் தாண்டிப் போறவங்க குறைவாத்தான் இருப்பாங்க.