பழைய டூரிங் கார் ரேஸ் இனிச்சதுக்கு ஆபத்து காரணம் இல்லை

கொஞ்சம் நீளமான த்ரெட். கார் ரேஸ் பிடிக்காதவங்க ஸ்க்ரோல் பண்ணிப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன்.

1992 சில்வர்ஸ்டோன் கிளிப் மறுபடியும் டைம்லைன்ல சுத்துது. பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப், அதாவது பிடிசிசி-யோட அந்த வருஷக் கடைசி ரேஸ். பட்டத்துக்கு மூணு பேர் போட்டி: வாக்ஸ்ஹால் கேவலியர்ல ஜான் கிளீலண்ட், டொயோட்டால வில் ஹோய், பிஎம்டபிள்யூல டிம் ஹார்வி. ஹார்வியோட டீம்மேட் ஸ்டீவ் சோப்பருக்கும் கிளீலண்டுக்கும் நடுவுல இடி. கிளீலண்ட் கார் ரெண்டு சக்கரத்துல எழும்புது, உள்ள இருக்கிற கேமராவுல அவர் விரலைக் காட்டுறது தெரியுது, கடைசியில ரெண்டு பேருமே அவுட். பட்டம் ஹார்விக்கு. மர்ரி வாக்கர் கமெண்டரியோட பார்த்தா இப்பவும் சீட் நுனிக்கு வந்துடுவோம்.

கீழே வழக்கமான கமெண்ட்: "இதுதான் ரேஸ். இப்ப பாதுகாப்பு பாதுகாப்புன்னு சொல்லியே கெடுத்துட்டாங்க."

முதல் பாதிக்கு லைக் போட்டாச்சு. ரெண்டாவது பாதிக்குத்தான் இந்த த்ரெட்.

நான் அதையெல்லாம் அந்தக் காலத்துல டிவியில பார்த்தவன் இல்லை. ப்ரௌசிங் சென்டர்ல டோக்கா டூரிங் கார் கேம் ஆடி, அப்புறம் யூடியூப்ல பழைய ரேஸைத் தேடித் தேடிப் பார்த்தவன். அதனால எனக்கு இருக்கிறது கடன் வாங்கின ஏக்கம்தான். இருந்தாலும் ஏக்கம் ஏக்கம்தானே.

அந்த சூப்பர் டூரிங் காலத்துல அப்படி என்ன இருந்தது? 2000 சிசி இன்ஜின், டர்போ கிடையாது, 8500 ஆர்பிஎம் தாண்டக் கூடாது, நாலு கதவு இருக்கணும். சுமார் 300 குதிரைசக்தி. மொந்தியோ, லகூனா, ப்ரைமேரா, பெஜோ 405, ஆடி ஏ4... எல்லாம் ஒரு ஆங்கிலேயக் குடும்பத்தோட வீட்டு வாசல்ல நிக்கிற வண்டிகள். ஞாயித்துக்கிழமை ஜெயிச்ச காரோட ஜாடையில ஒண்ணு திங்கட்கிழமை அப்பா ஆபீசுக்கு எடுத்துட்டுப் போவார்.

உச்சம்னா 1994-ல வந்த வோல்வோ 850 எஸ்டேட். பெட்டி, பிள்ளைங்க, நாய் எல்லாத்தையும் ஏத்திட்டுப் போற நீளமான குடும்ப வண்டி. அதைக் கொண்டுவந்து ரேஸ்ல விட்டாங்க. கிண்டல் பண்ணவங்களுக்குப் பதிலா, பரேடு லேப்ல பின்னாடி ஒரு பெரிய பொம்மை நாயை உக்கார வச்சு ஓட்டினாங்க. இன்னைக்கு எந்தக் கார் கம்பெனி மார்க்கெட்டிங் டிபார்ட்மெண்ட் இதுக்குக் கையெழுத்து போடும்?

அப்போ இது எப்படிச் செத்துப்போச்சு? போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல பாதுகாப்புங்கிற வார்த்தையே வராது. பணம்னுதான் வரும். அதே 1994-ல ஆல்ஃபா ரோமியோ ஒரு ஸ்பெஷல் 155-ஐ ரோட்டுல வித்து, அந்த அனுமதியில ரேஸ் காருக்கு இறக்கை மாட்டிட்டு வந்தது. மத்தவங்க புகார் பண்ண, ஓல்டன் பார்க்ல கோச்சுக்கிட்டு வெளியே போய், திரும்பி வந்து, டார்க்வினி பட்டம் அடிச்சார். அடுத்த வருஷம் எல்லாருக்கும் இறக்கை. எஸ்டேட் போய் வோல்வோவும் செடானுக்கு மாறிடுச்சு. ரெனோவுக்கு கார் பண்ணினது எஃப்1 வில்லியம்ஸ் குழு. வெளியே லகூனா, உள்ளே செலவு வேற லெவல். ஒவ்வொரு கம்பெனியா கழண்டு, 2000-ல மிஞ்சினது ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால் மூணே மூணு. பொற்காலம் தன்னைத்தானே சாப்பிட்டு முடிச்சது.

இப்ப இருக்கிற சலிப்புக்கும் காரணம் வேற. டிசிஆர் ரேஸ்ல வேகமான காருக்கு எடை ஏத்தி, பவர் குறைச்சு, எல்லாரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர்றாங்க. மெதுவான காருக்கு கிரேஸ் மார்க் மாதிரி. யார் ஜெயிச்சாலும், இவன் ஜெயிச்சானா, ஜெயிக்க விட்டாங்களான்னு ஒரு சந்தேகம் ஒட்டிக்குது. இப்போதைய பிடிசிசி-லயும் வெளியே பேட்ஜ் வேற, உள்ளே கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் பொது சாமான். ஜெர்மனியோட டிடிஎம் 2021-ல இருந்து ஜிடி3 கார்களுக்கே போயிடுச்சு. அழகான வண்டிகள்தான். ஆனா யார் வீட்டு வாசல்லயும் நிக்காது.

கவனிங்க, இன்னைக்கு பிடிசிசி-ல பக்கத்துக் கதவை உரசாம ஒரு ரேஸ் முடியுறதில்லை. கழுத்துக்கு ஹான்ஸ், தலைக்கு ரெண்டு பக்கமும் சிறகு வச்ச சீட், எல்லாம் மாட்டிக்கிட்டுத்தான் இடிச்சுக்கிறாங்க. பாதுகாப்பு விறுவிறுப்பைக் கொல்லும்னா இது எப்படி நடக்குது?

சரி, அந்தக் காலத்தோட இன்னொரு பக்கம். கீத் ஓடோர்னு ஒரு டிரைவர். நிசான் ப்ரைமேரா. 1993-ல சில்வர்ஸ்டோன்ல பிடிசிசி ரேஸ் ஜெயிச்சவர். 1995 செப்டம்பர்ல பெர்லின் ஆவுஸ் ட்ராக்ல முதல் ரேஸை ஜெயிச்சார். அதே நாள் ரெண்டாவது ரேஸ்ல கார் சுத்தி குறுக்கே நின்னது, டிரைவர் பக்கக் கதவுல இன்னொரு கார் மோதியது. பிழைக்கலை. இந்தக் கிளிப்பை யாரும் ஏக்கத்தோட ஷேர் பண்றதில்லை.

பக்கவாட்டு மோதல் எங்களுக்கு ரொம்பப் பயமான விஷயம். முன்னாடி மோதினா நசுங்க பானட் இருக்கு, நீளம் இருக்கு. பக்கத்துல கதவு மட்டும்தான். விலா, மண்ணீரல், இடுப்பெலும்பு, பெரிய ரத்தக்குழாய் எல்லாம் கதவுக்கு அடுத்து உக்காந்திருக்கு.

இன்னொண்ணு மண்டையோட்டு அடித்தள முறிவு. பெல்ட் உடம்பைப் பிடிச்சு நிறுத்திடும், ஹெல்மெட்டோட சேர்ந்த தலை மட்டும் முன்னாடி பறக்கும். கழுத்து இழுபடுற இழுப்புல மண்டையோட்டோட அடி எலும்பு உடையும். 2001-ல டேட்டோனால டேல் எர்ன்ஹார்ட் இறந்தது இப்படித்தான். தலையைத் தோளோட கட்டிப் பிடிக்கிற ஹான்ஸ் அப்பவே கடையில கிடைச்சது. அவர் போடலை. அதே வருஷம் நாஸ்கார்ல அந்த மாதிரி கருவி கட்டாயமாச்சு, 2003-ல எஃப்1-லயும். அதனால எந்தக் காரும் அரை நொடிகூட மெதுவாகலை.

2017 க்ராஃப்ட்ல, மழையில, ட்ராக்ல எண்ணெய் கொட்டி, பிடிசிசி தகுதிச்சுற்றுல வரிசையா கார்கள் மோதிக்குச்சு. லூக் டேவன்போர்ட்டை ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போய் செயற்கைக் கோமால வச்சாங்க. பிழைச்சார். ஒரே ஒரு கருவிதான் காப்பாத்துச்சுன்னு சொல்ல மாட்டேன். கூண்டு, சீட், ட்ராக்ல நின்ன மருத்துவக் குழு எல்லாம் சேர்ந்ததுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்? கேஷுவாலிட்டில வாரா வாரம் கேக்குற வசனம் இது. "எங்க காலத்துல ஹெல்மெட்டா போட்டோம் டாக்டர், நல்லாத்தான இருக்கோம்?" நல்லா இருக்கிறவர்தான் வந்து பேசுறார் சார். அவரோட ஓட்டினதுல போய்ச் சேர்ந்தவர் வந்து மறுப்பு சொல்ல மாட்டார்.

ஏங்குங்க, தப்பே இல்லை. விதவிதமான கார்கள், வாசல்ல நிக்கிற வண்டி, பொம்மை நாய், இதுக்கெல்லாம் நானும் சேர்ந்து ஏங்குறேன்.

இன்னைக்கு நைட் டைம் இருந்தா 1998 டோனிங்டன் பார்க் ரேஸை முழுசா பாருங்க. மழை. மொந்தியோல நைஜல் மான்செல், முன்னாள் எஃப்1 சாம்பியன், 44 வயசு. கடைசி வரிசைகள்ல இருந்து கிளம்பி ஒரு கட்டத்துல முதலிடத்துக்கே வந்துடுவார். 1993-ல இதே ட்ராக்ல, அப்பவும் ஒரு மொந்தியோலதான், சுவத்துல மோதி நினைவு தப்பிப் போனவர் அவர்.