தாத்தாவின் ஈட்டி ஊஞ்சல் மெல்பர்ன் போகுமா? வீட்டுச் சாமான் கப்பலேறும் முன் ஐந்து கேள்விகள்

மதுரை கே.கே. நகரில் பிள்ளைகள் வெளிநாட்டில் செட்டில் ஆகிவிட்ட வீடுகள் நிறைய. பெரியவர்களும் அவர்களோடு போய்விடுவது என்று முடிவானால், அல்லது பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுத்துவிட்டால், ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்தே தீரும்: "சரி, அந்த ஊஞ்சலை என்ன பண்றது?"

ஊஞ்சல் மட்டுமல்ல. சீர்வரிசையில் வந்த கட்டில், பூஜை மண்டபம், சமையலறை உரல், பித்தளை அண்டா என்று பட்டியல் நீளும். பேக்கர்ஸ் ஆட்கள் வந்து டேப் பிடித்து அளந்து, கன மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார்கள். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்பார்கள். குடும்பமும் அந்தத் தொகையை வைத்துத்தான் அனுப்பலாமா, வேண்டாமா என்று யோசிக்கும்.

ஆனால் சாமான் போய்ச் சேருமா என்பதைத் தீர்மானிப்பது கப்பல் கட்டணம் இல்லை. பொருளின் வயது, மரத்தின் இனம், அதற்குள் இருக்கும் பூச்சி, அதைச் சுற்றியிருக்கும் பேக்கிங், கையெழுத்துப் போட்ட பட்டியல் ஆகிய ஐந்தும்தான். ஐந்துக்குமே பதில் மதுரை வீட்டு ஹாலிலேயே தேட வேண்டியவை. தூத்துக்குடி துறைமுகத்துக்கோ மெல்பர்ன் கிடங்குக்கோ போன பிறகு தேடினால், செலவு பல மடங்காகும்.

இந்தக் கட்டுரை ஆஸ்திரேலியாவை முன்வைத்துப் பேசுகிறது. காரணம் இரண்டு. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே இந்தியாவில் பிறந்தவர்கள் சுமார் 6.73 லட்சம் பேர்; வீட்டில் தமிழ் பேசுபவர்கள் சுமார் 95 ஆயிரம் பேர். இரண்டாவது, உலகிலேயே குவாரன்டைன் கெடுபிடி மிக அதிகமான நாடுகளில் அது ஒன்று. அங்கே தேறும் அளவுக்குத் தயாரான சாமானுக்கு மற்ற நாடுகளில் பெரும்பாலும் சிக்கல் குறைவு.

1. பொருளுக்கு என்ன வயசு?

முதல் தடை இந்தியாவிலேயே இருக்கிறது. தொல்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டம், 1972-ன்படி, 100 ஆண்டுக்குக் குறையாத சிலை, ஓவியம், கைவினைப் பொருள், கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பாகம் ஆகியவை தொல்பொருளாகக் கருதப்படலாம். ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு வரம்பு 75 ஆண்டு. தொல்பொருளை மத்திய அரசோ, அது அனுமதித்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

"நம்ம வீட்டுச் சாமான்தானே, நாமதானே சொந்தக்காரங்க" என்ற வாதம் இங்கே எடுபடாது. சொந்தமாக வைத்திருப்பது வேறு, கடல் தாண்டுவது வேறு. காரைக்குடிப் பக்கம் வாங்கிய செதுக்கு வேலைக் கதவு நிலை, மரத்தூண், பழைய தஞ்சாவூர் ஓவியம் இவையெல்லாம் சந்தேகப் பட்டியலில் முதலில் நிற்பவை.

சுங்கத்துறை ஏன் இதில் இவ்வளவு கவனம் காட்டுகிறது என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயில் நடராஜர் கடத்தப்பட்டு, 2008-ல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டார். 2014 செப்டம்பரில்தான் இந்தியாவுக்குத் திரும்பினார். சிலைக் கடத்தல் வழக்கு ஒன்றில் சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் 10 ஆண்டு சிறை விதித்தது.

பழசாகத் தோன்றும் பொருள் 100 ஆண்டைத் தொடவில்லை என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கலாம். அந்தச் சான்று கையில் இல்லாமல் துறைமுகத்தில் போய் "இது போன தலைமுறையில செஞ்சதுங்க" என்று விளக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

2. என்ன மரம்?

தேக்கு என்றால் நிம்மதி. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது இல்லை. ஈட்டி என்றால் கதை வேறு. தோதகத்தி, ரோஸ்வுட் என்று அழைக்கப்படுவதும் இதே மரம்தான்.

அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம், ரோஸ்வுட் அடங்கிய டால்பெர்ஜியா பேரினத்தை ஒட்டுமொத்தமாக 2017 ஜனவரி 2 முதல் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. தடை அல்ல, அனுமதிச் சீட்டோடு போகலாம். 2019-ல் சில விலக்குகள் வந்தன. அதன்படி, வேலை முடிந்த பொருளில் இந்த மரத்தின் எடை ஓர் அனுப்புகைக்கு 10 கிலோவுக்குள் இருந்தால் அனுமதி தேவையில்லை.

10 கிலோ என்பது எவ்வளவு? 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலத் தடிமன் உள்ள ஊஞ்சல் பலகை என்றால் 2 கன அடி மரம். ஈட்டி கன அடிக்குச் சுமார் 24 கிலோ வரும். ஆக, சங்கிலி இல்லாமல் பலகை மட்டுமே கிட்டத்தட்ட 50 கிலோ. நகைப்பெட்டி தப்பிக்கும், ஊஞ்சல் தப்பிக்காது.

வீட்டு உபயோகப் பொருட்களுக்கும், பட்டியலில் சேரும் முன்பே வாங்கிய பொருட்களுக்கும் ஒப்பந்தத்தின் 7-வது பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக நடைமுறைப்படுத்துகிறது. தாத்தா காலத்து ஊஞ்சல் என்பதை நிரூபிக்க வேண்டியதும் அனுப்புபவர்தான். தாத்தா பில் வாங்கி வைத்திருக்க மாட்டார். பழைய கல்யாண போட்டோவில் அந்த ஊஞ்சல் இருந்தால், அதையும் காகிதங்களோடு சேர்த்து வைப்பது வீண்போகாது. வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவின் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பேக்கிங்குக்கு முன்பே அங்கே விசாரிப்பது நல்லது.

செம்மரம் என்றால் ஆசையையே விட்டுவிடலாம். அதன் ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. தந்தப் பதிப்பு வேலை, மான்கொம்பு ஆகியவையும் அப்படியே. பூஜை அறையில் இருக்கும் மயிலிறகு விசிறியும் இந்தத் தடைக்குள் வரும் என்பது பலருக்குத் தெரியாது.

3. உள்ளே யார் குடியிருக்காங்க?

மரச்சாமானை ஆஸ்திரேலியா தடை செய்யவில்லை. சுத்தமாக, மரப்பட்டை இல்லாமல், பூச்சி இல்லாமல் வர வேண்டும் என்கிறது. 2015-ல் இயற்றப்பட்ட உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அங்குள்ள வேளாண், மீன்வளம், வனவியல் துறை சாமானைப் பரிசோதிக்கும். பூச்சி இருந்தால் மூன்றே வழி: மருந்துப் புகை போன்ற சிகிச்சை, நாட்டைவிட்டுத் திருப்பி அனுப்புதல், அழித்தல். எதைத் தேர்ந்தெடுத்தாலும் செலவு சாமான்காரருடையது.

கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். குண்டூசித் தலை அளவுத் துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால், மரத்தை உளு அரிக்கிறது. கசகசா போலச் சிறு உருண்டைகள் கொட்டியிருந்தால், காய்ந்த மரத்தில் வாழும் கரையான் இருக்கலாம். பாலிஷ் போட்டு ஓட்டையை அடைப்பது தீர்வே இல்லை. உள்ளே இருப்பது பயணத்தின்போது வெளியே வரும்.

இதைவிட ஆஸ்திரேலியா அஞ்சுவது காப்ரா வண்டுக்கு. சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டம். சேமித்த தானியத்தைச் சூறையாடும். இதன் புழு உணவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பிளவுகளில் ஒளிந்து கிடக்கும். 2020-ல் கான்பெராவில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ஃபிரிட்ஜின் பொதியோடு இது ஒரு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இந்த வண்டு அந்த நாட்டில் பரவினால் 20 ஆண்டுகளில் 1,550 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பு ஏற்படலாம் என்பது அரசின் மதிப்பீடு. அதே ஆண்டில் அரிசி, பயறு போன்ற ஆபத்து அதிகமுள்ள தாவரப் பொருட்கள் வீட்டுச் சாமானோடு வருவது தடை செய்யப்பட்டது.

மதுரை வீடுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நெல் கொட்டி வைத்த மரப்பெட்டி, முறம், உலக்கை, இடுக்கில் மாவு ஒட்டிய உரல், அரிசி டிரம் எல்லாமே தானியத்தோடு புழங்கியவை. அலமாரி டிராயரில் மறந்துபோன ஒரு பொட்டலம் பயறு போதும், பெட்டி முழுவதையும் பிரித்துப் பார்க்க. மண் ஒட்டிய செருப்பு, சைக்கிள் டயர், மண்வெட்டி ஆகியவையும் இதே ரகம்.

4. எதுல சுத்தியிருக்கு?

சாமான் சுத்தமாக இருந்து, பெட்டியால் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கண்ணாடி மேசைக்கு உள்ளூர் ஆசாரி பச்சை மாமரப் பலகையில் அடித்த கிரேட், இடையில் வைக்கோல், மேலே பழைய சாக்கு. நம்மூர் வழக்கத்தில் பக்காவான பேக்கிங். குவாரன்டைன் அதிகாரி கண்ணுக்கு மூன்றுமே அபாயம்.

1996-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் மரங்களைக் கொல்லும் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அது வந்தது பேக்கிங் பலகை வழியாக என்று அறியப்பட்டது. இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு 2002-ல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேசத் தரம் வந்தது. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள பச்சைப் பலகையைப் பேக்கிங்குக்குப் பயன்படுத்தினால், அதன் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்ற வேண்டும்; அல்லது மெத்தில் புரோமைடு புகை போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சை தர வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் படம், நாட்டின் குறியீடு, சிகிச்சையின் குறியீடு கொண்ட முத்திரை பலகையில் இருக்க வேண்டும். இந்தியாவில் தாவரப் பாதுகாப்பு இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனங்கள் மட்டுமே அந்த முத்திரையைக் குத்தலாம். பிளைவுட் தயாரிப்பிலேயே சூடேறிவிடுவதால் அதற்கு விலக்கு உண்டு.

ஆக, பிளைவுட் பெட்டி, புது அட்டைப்பெட்டி, பபிள் ஷீட். பழக்கடையில், முட்டைக்கடையில் வாங்கிய அட்டைப்பெட்டி வேண்டாம்.

5. லிஸ்ட்டில் என்ன எழுதியிருக்கு?

வரி விலக்குக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஓராண்டாவது பயன்படுத்திய வீட்டுப் பொருளாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 6 மாதம் போதும். ஆனால் குடியேறுபவர் அதற்கு முன் தொடர்ந்து 12 மாதம் வெளிநாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். கனடாவில் முதல்முறை இறங்கும்போதே, பின்னால் வரும் சாமான்களின் பட்டியலையும் கொடுத்துவிட வேண்டும். பயணத்துக்கு முந்தைய வாரம் வாங்கிய புது சோபா இந்தச் சலுகைகளில் பெரும்பாலும் சேராது.

ஆஸ்திரேலியாவில் 'பி534' என்ற படிவத்தில், சாமானோடு மரம், மண், தோல், விதை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பேக்கிங் ஆள் "கிச்சன் ஐட்டம் – 1 பெட்டி" என்று கிறுக்கியதை வைத்து அந்தப் படிவத்தை நிரப்பினால், அதற்குப் பொறுப்பு பேக்கிங் ஆள் இல்லை, கையெழுத்துப் போட்டவர். அறிவித்த பொருளில் பூச்சி இருந்தால் சிகிச்சையோடு முடியலாம். மறைத்த பொருள் என்றால் அபராதம் வரை போகும். அதனால் பெட்டி கட்டும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, எந்தப் பெட்டியில் எது என்று எழுதுவது கட்டாயம்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் பெரும்பாலும் இவை வணிகர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஏற்றுமதியாளருக்கு பில், ஏஜென்ட், அனுபவம் எல்லாம் இருக்கும். வாழ்நாளில் ஒரே முறை சாமான் அனுப்பும் குடும்பத்துக்கு இருப்பது வாய்வழி வரலாறு மட்டும். தொல்லியல், வனம், தாவரப் பாதுகாப்பு, சுங்கம் என்று துறைகளும் தனித்தனி. மதுரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கும் தூத்துக்குடியில் துறைமுகம், சுங்க அலுவலகம், தாவர குவாரன்டைன் நிலையம் மூன்றும் இருந்தும், எந்தச் சாமானுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதைக் குடும்பமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் "நாங்க பாத்துக்கறோம்" வியாபாரம் ஓடுகிறது.

அப்படிச் சொல்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்று. அந்த நாட்டில் பரிசோதனை, சிகிச்சைச் செலவு யாருடையது? சாமான் தனி கன்டெய்னரிலா, பலருடைய சாமானோடு சேர்த்தா? சேர்த்து என்றால், அடுத்தவர் பெட்டியில் வண்டு இருந்தாலும் தாமதம் எல்லோருக்கும். இன்ஷூரன்ஸ் பாலிசி குவாரன்டைன் பறிமுதலை ஏற்குமா? இதற்கு விளம்பரத்தைப் பார்க்காமல் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

"ஒரு வண்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் தமிழ்நாட்டு வயல்களிலேயே இருக்கிறது. 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி வெளிநாட்டிலிருந்து வந்தது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளை நோகடித்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துத்தான் அதை அடக்க முடிந்தது. அது யாருடைய சரக்கோடு வந்தது என்பது யாருக்கும் தெரியாது.

எனவே முடிவெடுக்கும் வரிசையை மாற்றுவதுதான் வழி. முதலில் மரம் தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு எது தேக்கு, எது ஈட்டி, எதில் உளு என்று பார்த்துக்கொள்வது, அடுத்து காகிதங்கள், கடைசியில் கப்பல் கட்டணம். ஈட்டி ஊஞ்சலுக்கு அனுமதி கிடைக்காவிட்டால், மதுரையிலேயே இருக்கும் தம்பி வீட்டிலோ அக்கா வீட்டிலோ அதை மாட்டிவிடலாம். மெல்பர்ன் வீட்டுக்குத் தேக்கில் புதிதாக ஒன்று செய்வதாக இருந்தால், பயணத்துக்கு ஓராண்டு முன்பே செய்து ஆடத் தொடங்கிவிட வேண்டும். வரி விலக்குக்கு அந்த ஓராண்டு வேண்டும்.