எறிந்தவன் அக்கரையில்! காயம் இக்கரையில்!

கல்லை எறிந்தவன் ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறான். மண்டை உடைந்தவன் இக்கரையில் துடிக்கிறான். வழக்கு எந்தக் கரையில்? "கை அசைந்தது அக்கரையில், ஆகவே இக்கரைச் சட்டத்துக்கு அங்கே வேலை இல்லை" என்று வாதிடுவோர் உண்டு. குருதி எங்கே கொட்டியது என்று கேட்பவர்தான் குறைவு!

இது கற்பனைக் கேள்வியன்று, தோழர்களே! கனடா நாட்டு மக்கள் கண்ணீரோடு கேட்ட கேள்வி.

அந்நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளை எவரும் படிக்கலாம். மணமுறிவு, கடனால் நொடித்த கதை, வேலை நீக்கம் அத்தனையும் அவற்றில் உண்டு. ஆனால், ஒருவர் பெயரைக் கூகுளில் தட்டியவுடன் அவர் வழக்கு வந்து விழாதபடி, தீர்ப்புகளை வெளியிடும் கனடியத் தளங்கள் தாழ்ப்பாள் போட்டிருந்தன. நீதி வெளிச்சத்தில் நடக்கட்டும். நீதி கேட்டு வந்தவனின் குடும்பக் கதை சந்தி சிரிக்க வேண்டாம் என்பது அதன் பொருள்.

ருமேனியாவிலிருந்து இயங்கிய 'குளோப்24எச்' என்ற இணையதளம் அந்தத் தீர்ப்புகளை அள்ளிச் சென்றது. தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தது. வேலை கேட்டு வந்தவன் பெயரை முதலாளி தட்டிப் பார்த்தால், அவன் மறக்க நினைத்த வழக்கு முன்னே வந்து நிற்கும்! "நீக்குங்கள் ஐயா" என்று கெஞ்சினால், "விரைவாக நீக்க வேண்டுமா? கட்டணம் கட்டு!" என்றது அந்தத் தளம். தீ வைத்தவனே தண்ணீர் விற்ற வாணிபம்!

மக்கள் கனடாவின் தனியுரிமை ஆணையரிடம் முறையிட்டனர். புகார் நியாயமே என்று 2015இல் அவர் அறிவித்தார். பாதிக்கப்பட்ட ஒருவர் கூட்டாட்சி நீதிமன்றத்தின் படியேறினார். 2017 ஜனவரி 30 அன்று நீதிபதி மோஸ்லி தீர்ப்பளித்தார். சர்வர் ருமேனியாவில் இருக்கலாம். ஆனால் தீர்ப்புகள் கனடாவினுடையவை, காயம் கனடியருடையது, ஆகவே கனடாவின் சட்டம் பாயும் என்றார். "நாங்கள் பத்திரிகைப் பணி செய்கிறோம்" என்ற சாக்கு எடுபடவில்லை. தீர்ப்புகளை நீக்க ஆணை பிறந்தது. வழக்காடியவருக்கு 5,000 டாலர் இழப்பீடும் கிடைக்கத் தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு சரி, ருமேனியாவில் போய் அதை நிறைவேற்றுவது யார்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பே அந்தத் தளத்தின்மீது நடவடிக்கை எடுத்திருந்தது. அதனால் கனடாவின் கை தனித்து நிற்கவில்லை. தீர்ப்பைக் காட்டித் தேடுபொறிகளிடம் முறையிடவும் வழி பிறந்தது. ஒத்துழைப்பு இல்லாத இடத்தில் நிலைமை வேறு. மக்களின் முகப்படங்களை இணையத்தில் அள்ளிக் குவித்த கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு நெதர்லாந்து 2024இல் 3 கோடியே 5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. "எங்கள்மீது உங்களுக்கு அதிகாரமே இல்லை" என்றது நிறுவனம்!

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வெளிநாட்டுக்கும் கை நீட்டுகிறது, எப்போது? இங்குள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ அளிப்பது தொடர்பாகத் தரவைக் கையாண்டால் மட்டும்! பணம் வாங்கி நீக்குவதைச் 'சேவை' என்று வாதாடிப் பார்க்கலாம். பணமே கேட்காமல், ஒரு பெண்ணின் படத்தையும் முகவரியையும் போட்டுப் பழி தூற்றும் அயல்நாட்டுத் தளத்தை என்ன செய்வது? மேலும், சட்டக் கடமைப்படி பொதுவில் வெளியான தரவுக்கு இந்தச் சட்டமே பொருந்தாதாம்! அப்படி வெளியான ஆவணத்தை அள்ளிக் கடைவிரிப்பவனை எந்தப் பிரிவு தடுக்கும்?

அபராதம் உண்டு, 250 கோடி ரூபாய் வரை உண்டு. அது போய்ச் சேருவது அரசின் கஜானாவுக்கு. இழப்பீட்டுக்கு வழி செய்த, 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் நீக்க இந்தச் சட்டம் வகை செய்கிறது. காயம்பட்டவனுக்குக் கட்டுத்துணிகூட இல்லை, கஜானாவுக்குத் தண்டப்பணம்!

"தளத்தை முடக்க 69ஏ பிரிவு இருக்கிறதே" என்பர். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று அதன் காரணப் பட்டியல் செல்கிறது. தனி ஒருவனின் மானம் அந்தப் பட்டியலில் இல்லை.

கடல் கடந்து பாயும் சட்டம் கருத்தையும் கடித்துவிடாதா என்று நண்பர்கள் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். ஆட்சியைச் சாடும் எழுத்தை அயல்நாட்டிலும் துரத்த எந்த அரசுக்கும் நாம் வாள் கொடுக்கச் சொல்லவில்லை. எழுத்தாளன் வேறு, ஏழையின் அவமானத்தை ஏலம் போடுபவன் வேறு. வேறுபாட்டைக் காண்பதற்குத்தானே நீதிமன்றம்? மோஸ்லி கண்டாரே!

ஆகவே நாம் கேட்பது மூன்று. காயம் விழுந்த இடத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமை வேண்டும். அபராதத்தோடு இழப்பீடும் வேண்டும். தீர்ப்பை நிறைவேற்ற, பிற நாட்டு ஆணையங்களோடு உடன்பாடு வேண்டும். சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாதம் தவணை தந்தார்கள். நிறுவனங்கள் தங்களைத் திருத்திக்கொள்ளத் தவணை உண்டென்றால், சட்டத்தைத் திருத்த மட்டும் நேரம் இல்லையா?

அக்கரையில் நிற்பவன் துணிவு, ஆற்றின் அகலத்தில் இல்லை. பாலம் கட்டாத நம் சோம்பலில் இருக்கிறது. பாலத்தைக் கட்டுக!