வேனிற்காலத் தோட்டம்

உழவு என்பது பெருநிலத்திற்கே உரியது என்று எண்ணுவோர் பலர். வீட்டின் பின்புறத்தே பத்தடி நிலமுடையவனும் ஒரு வகையில் உழவனே ஆவான். ஆயினும், அவனுக்குத் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. நிலம் சிறிது, ஆசையோ பெரிது. ஆதலின், எவற்றை விதைப்பது, எவற்றை விலக்குவது என்று ஆராய்ந்து துணிதல் அவனுக்கு இன்றியமையாததாகும்.

தேர்வுக்கு முதல் அளவுகோல் காலம். மாசித் திங்களில் விதை வாங்கச் செல்வோருட் சிலர், பொட்டலத்தின் மேலுள்ள வண்ணப் படங்களில் மயங்கிக் காலிபிளவர், முட்டைக்கோசு முதலியவற்றை வாங்கி வருகின்றனர். இவை குளிர்ச்சியை விரும்புவன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் செழிப்பன. சமவெளியின் கோடை வெயிலைத் தாங்கா. நம் ஊர்க் கொடியவரையும் கோடைக்கு உரியதன்று. அது ஆடியில் விதைக்கப்பெற்று, பகற்பொழுது குறுகும் பருவத்தில் பூத்துக் காய்ப்பது. அதனைப் பங்குனியில் ஊன்றினால் கொடி படரும்; இலை தழைக்கும்; காய்க்கோ பல திங்கள் காத்திருத்தல் வேண்டும். தக்காளியும் கடுவெயிலிற் பூவை உதிர்த்துவிடும். இவற்றிற்குச் செடியைக் குறை கூறுதல் முறையாகாது.

வெண்டையும் கொத்தவரையும் வெள்ளரியும் கீரைகளும் வேனிலுக்கு ஏற்றவை. வெண்டை விதைத்த ஏறத்தாழ 45 முதல் 50 நாளிற் காய் தரும். சிறுகீரையை 25 நாளளவிற் பறிக்கலாம். கொத்தவரை வறட்சியைத் தாங்குவது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குகின்றன. கீரையோ எளிதிற் கிடைப்பதனாலேயே இகழப்படுகின்றது. 'கிள்ளுக்கீரை' என்னும் வழக்கே அதற்குச் சான்று. ஆனால், கண்ணுக்கு நலந்தரும் வைட்டமின் 'ஏ'யை உடலுக்கு அளிக்கும் பொருளும், இரும்புச் சத்தும் கீரையில் உள்ளன. பறித்த கீரை விரைவில் வாடும் இயல்பினது. அடுப்பேற்றும் வேளையிற் பறித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தோட்டமன்றி வேறெது தரவல்லது? ஆகவே, சிறு நிலத்தில் முதலிடம் கீரைக்கே உரியது.

இரண்டாவது அளவுகோல் நீர். குடிநீருக்கே குடத்துடன் வரிசையில் நிற்கும் நாளில் தோட்டம் எதற்கு என்று வினவுவாரும் உளர். அவர் வினா புறக்கணிக்கத் தக்கதன்று. குடிநீரை இறைத்துக் காய் விளைவித்தல் அறமாகாது. ஆயினும், அரிசியும் பருப்பும் காய்கறிகளும் கழுவிய நீர் நாள்தோறும் வீணே சாக்கடையிற் கலக்கின்றது. அந்நீர் எத்தனை பாத்திக்குப் போதுமோ அத்தனை பாத்தியே கோடையில் இடத்தக்கது. செடியின் அடியிற் சருகுகளைப் பரப்பினால் ஈரம் விரைவிற் காயாது. நிலம் மிகுதியாக இருப்பினும், எஞ்சிய பகுதியை ஆடி வரையிற் கிடையாக விட்டு வைத்தல் அறிவுடைமையாகும்.

மூன்றாவது, விதை. வீரிய ஒட்டு விதைகள் மிகுந்த விளைச்சல் தருவன என்பது உண்மையே. ஆனால், அவ்விளைச்சலிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் இயல்பை அவ்வண்ணமே தாராது. ஆண்டுதோறும் புது விதை வாங்கியே தீரல் வேண்டும். நாட்டு விதை அத்தகையதன்று. நோயற்ற நல்ல செடியில் இரண்டொரு காய்களைப் பறியாது முற்றவிட்டு, உலர்த்திச் சாம்பலிற் புரட்டி வைத்தால், மறு ஆண்டிற்கும் அண்டை வீட்டார்க்கும் விதையாகும். வணிகத்திற்குப் பயிரிடுவோர் சந்தை விரும்பும் வகையையே நாடுவர். அதில் அவர்மேற் பிழையில்லை. சந்தை விரும்பாத, ஆனால் சுவையிற் சிறந்த ஊர்க் கத்தரியையும் வெண்டையையும் காக்கத் தக்க இடம் வீட்டுத் தோட்டமே. ஒரு வகையை ஒருவரும் ஓர் ஆண்டும் விதையாது பல்லாண்டு கழிந்தால், விதை முளைக்கும் ஆற்றலை இழக்கும், அவ்வகையும் அழியும். அழிந்ததை எந்தக் கடையிலும் வாங்குதல் இயலாது.

ஆகவே, காலம் அறிந்து, நீர் அளந்து, ஊர் விதை பேணி இடும் மூன்று பாத்திகள், ஆசையால் இடும் முப்பது பாத்திகளினும் மேலானவை. இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு பாத்தியையேனும் தம் பொறுப்பில் ஏற்று, அவ்வூருக்குரிய ஒரு விதையையேனும் அடுத்த ஆண்டிற்கு எடுத்து வைப்பாராக.